அதிபரின் திறப்பு

தொழில்நுட்பப் பாடத்துக்கு உதவட்டும் என்று கண்டியிலிருந்து வந்த ஆலோசகர் சத்தியபாமா கொடுத்த பெட்டியைத் திறந்ததுமே பள்ளிக்கூட அதிபர் தம்பிராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. உள்ளே பற்றரி, வயர், குட்டிக் குட்டி பல்புகள்.

“இந்தச் சண்டைக் காலத்தில இதோட பிடிபட்டா, குண்டு செய்யிற சாமான் எண்டு யாழ்ப்பாணத்து அடையாள அட்டைக்காரன் என்னைத்தான் ஆமி முதல்ல ஜீப்பில ஏத்தும்!”

அலுவலகத்துக்கும் மூன்றாம் வகுப்புக்கும் நடுவே சுவராக நின்ற அலுமாரியில் பெட்டியை வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்றாம் வகுப்பு ஜெயக்கொடி டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள். அவர் மசியவில்லை.

அடுத்த வருடம் சத்தியபாமா மறுபடி வந்தார்.

“பெட்டி எப்படி, சேர்? பிள்ளைகளுக்கு உதவுதா?”

“ஒரு வயர் குறையாமல் வச்சிருக்கிறன், மிஸ். ஒருத்தரையும் தொட விடேல்ல.”

பெருமையோடு அலுமாரியைத் திறந்தார்.

பெட்டி இல்லை. அலுமாரியின் பின்பலகையும் இல்லை. அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருந்தது; மேசைக்கு மேசை பல்பு எரிந்தது.

பிள்ளைகள் எழுந்து நின்று, அலுமாரி வழியாகவே, “வணக்கம், சேர்!” என்றார்கள்.

ஜெயக்கொடி டீச்சர் கையிலிருந்த திருப்புளியை மெல்ல மறைத்தாள்.

“பூட்டுல நாங்க கையே வைக்கலைங்க, சேர். தெனமும் பாடம் முடிஞ்சதும் பலகைய மாட்டிடுவோம். இன்னைக்கு நீங்கதான் அவசரப்பட்டுத் தெறந்துட்டீங்க.”