வெயில் பட்ட கன்னம்

ஜன்னலோரம் நின்று ஸ்டூடியோக்காரி பிரிண்டரில் எடுத்த சோதனைத் தாளைப் பார்க்கிறாள். கறுப்பிலிருந்து வெள்ளைவரை வெளுத்துப்போகும் சாம்பல் கட்டங்களில் கடைசி மூன்றும் வெறும் தாளாகவே கிடக்கின்றன. அதனால்தான் மேசையில் காயும், அவள் தன்னையே எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்திலும், வெயில் பட்ட கன்னமும் அதிலுள்ள வெண்புள்ளித் திட்டுகளும் ஒன்றாகிவிட்டன. "மறைஞ்சது நல்லதாப் போச்சு. இதையே கடை வாசல்ல மாட்டிடு" என்கிறாள் மூத்த நாத்தனார். "மறைக்கவா அண்ணி படம் எடுத்தேன்?" வெளிர்சாம்பல் மையைக் கொஞ்சம் கூட்டி மறுபடி அச்சிடுகிறாள். பிரிண்டர் முனகி முனகித் தாளைத் தள்ளுகிறது. நெற்றி வருகிறது, நேராகப் பார்க்கும் கண்கள் வருகின்றன, பிறகு கன்னத்துத் திட்டுகள் ஒவ்வொன்றும் தன் விளிம்போடு துலங்குகின்றன. "நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்கடி." "பேசட்டும் அண்ணி. பாக்காமப் பேச முடியாதுல்ல?" என்றவள், படத்தை இரு கைகளிலும் ஏந்தி வாசலுக்கு நடக்கிறாள்.