மடியில் இரண்டு கைகள்

காது கேளாத சுகந்தியின் இரண்டு கைகளையும் அம்மா தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்தது. சுகந்தி பேசுவது கைகளால்தான். அம்மா அவள் வாயைப் பொத்தியிருந்தால் யாராவது ஏனென்று கேட்டிருப்பார்கள்.

மாப்பிள்ளையின் தாய் மிக்சர் தட்டைக் கீழே வைத்தாள். "எம் மூத்த மருமக, நான் ஒண்ணு சொன்னா ஒம்பது சொல்றா. இவ எதிர்த்துப் பேச மாட்டாள்ல, அது போதும் சம்பந்தி." எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும்தான். அந்தத் தாயின் உதடுகளை ஒரு சொல் விடாமல் படித்த சுகந்தியின் விரல்கள் துடித்தன. அம்மாவின் பிடி இறுகியது.

"நல்ல நேரம் போறதுக்குள்ள வளையலப் போட்டுடறேன். கையக் கொடும்மா," என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

அம்மா சுகந்தியைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தாள். பிறகு விரல் விரலாக வலது கையை மட்டும் விட்டாள். வளையல் அருகில் வந்தது. சுகந்தி கையை இழுத்துக்கொண்டு, அந்த ஒரு கையாலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தாள்.

அறையில் அம்மாவைத் தவிர யாருக்கும் அது புரியவில்லை.

"பொண்ணு என்ன சொல்லுது?" என்றாள் வந்தவள்.

சுகந்தி அம்மாவின் உதடுகளையே பார்த்தாள்.