அறுபது மதிப்பெண்

சட்டையின் மூன்றாவது பொத்தானில் அப்பாவின் விரல்கள் நின்றுவிட்டன.

சோதிக்க வந்த அதிகாரியம்மா பேனாவோடு காத்திருந்தார். போட்டுவிடலாம் என்று எழுந்தேன். கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டார்.

முதியோர் பராமரிப்பு உதவிக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை. முடியாத ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். அறுபது எடுத்தால் உதவி. ஒன்று குறைந்தாலும் கிடையாது.

பள்ளியிலிருந்து கல்லூரிவரை நான் எழுதாத பரீட்சை இல்லை. இப்படியொரு கேடுகெட்ட பரீட்சையைப் பார்த்ததில்லை.

இரண்டு வருடமாகப் பொத்தான் போட்டுவிடுவது நான். குளிப்பாட்டுவது நான். கழுவிவிடுவதும் நான்தான். திங்கட்கிழமை வேலையில் சேரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. எங்கள் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கப்போகிற முதல் வேலை.

பொத்தான் நுழைந்தது. 'தானே உடுத்துகிறார்' என்று அதிகாரியம்மா எழுதினார். பன்னிரண்டு நிமிடம் ஆனதை எழுத அந்தத் தாளில் இடமில்லை.

"தினமும் இப்படி முடியாது மேடம். இன்னைக்கு வீம்புக்குச் செய்றாரு."

"வீம்பா? முப்பது வருஷம் வெல்டிங் பட்டறையில நின்ன காலு இது. நீங்க எழுதிக்கங்கம்மா."

கைத்தடியை எடுக்காமலே எழுந்தார்.

கதவுவரை ஏழு அடி. சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். சுண்ணாம்பு உதிர்ந்து நகத்துக்குள் ஏறியது. என்னை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கெடுத்துவிடாதே கிழவா என்று மனதுக்குள் கத்தினேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில் நின்றார்.

வேட்டி நனைந்து, ஈரம் காலோடு இறங்கித் தரையில் பரவியது.

அதிகாரியம்மா தாளில் குனிந்து மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தார்.

"அறுபத்திரண்டு. கிடைச்சிடும்."

பெருமூச்சு விட்டேன். அது அப்பாவின் காதில் விழுந்திருக்கும்.

கட்டிலில் உட்கார வைத்து ஈரத்தைத் துடைத்தேன். அதிகாரியம்மாவின் வண்டி கிளம்பிப் போகிற சத்தம் அடங்கியது.

"அந்த எடத்துல ஜன்னலாவது இருக்குமா, பாப்பா?"

என் கை நின்றுவிட்டது.

வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வரும் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தேன். விண்ணப்பத்தில் நான் கேட்டிருந்தது, ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் விடுதியில் ஒரு படுக்கை.

அப்பாவுக்குத் தன் பெயரைத் தவிர வேறெதுவும் எழுதப் படிக்கத் தெரியாது.