பூமியைக் காப்பாற்றிய பலகை

சோளம் அறுத்த நிலத்தில், மண் காயாமலிருக்க மூடாக்காக விட்டிருந்த சோளத்தட்டைக்கும் சருகுக்கும் அடியில் ஒரு மண்புழு சொகுசாக வாழ்ந்து வந்தது. ஒரு நாள் அதன் தலைக்கு மேலேயே பளபளவென்று ஒரு பலகையைக் கொண்டுவந்து நட்டார்கள்.

"ஐயா யாருங்க?" என்று புழு பணிவாகக் கேட்டது.

"காற்றில் இருக்கும் கரியமில வாயுவைப் பிடித்து, மண்ணுக்குள் சேர்த்து, இந்தப் பூமியையே காப்பாற்றுகிறவன். என் நெஞ்சில் எழுதியிருக்கிறதே, தெரியவில்லையா? ஆமாம், நீ என்ன செய்கிறாய்?"

"எனக்கென்னங்க வேலை? திங்கிறது, தூங்குறதுதான்" என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டு, மக்கிய சருகு ஒன்றை இழுத்துக்கொண்டு புழு மண்ணுக்குள் போனது. இவ்வளவு பெரிய மனிதர் நம் நிலத்துக்கு வந்திருக்கிறாரே என்று அதற்கு ஒரே பூரிப்பு.

பலகைக்குத் திறப்பு விழா வந்தது. "பெரியவர்கள் வருகிற நேரத்தில் என் காலடியில் இத்தனை குப்பையா?" என்று பலகை முகம் சுளித்தது. நிலத்துக்காரரும் அதையேதான் நினைத்தார் போலிருக்கிறது. எல்லாவற்றையும் கூட்டித் தீ வைத்தார். மண்ணுக்குப் போர்வையாக இருந்ததெல்லாம் கரும்புகையாக வானத்துக்குப் போனது.

ஆழத்துக்கு ஓடித் தப்பித்த புழு, சூடு ஆறியதும் மேலே வந்து பார்த்தது. தின்ன ஒரு சருகு இல்லை, ஒண்ட ஒரு நிழல் இல்லை. சாம்பலைத் தாண்டிப் பக்கத்து நிலத்தைப் பார்த்து மெல்ல ஊர்ந்தது.

பூமாலையோடு வந்தவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பலகை மேலிருந்து கூப்பிட்டது:

"அட, எங்கே கிளம்பிவிட்டாய்? உன்னைக் காப்பாற்றத்தானே இத்தனை பேர் வந்திருக்கிறார்கள்!"