ஜோடிப் பயிற்சி

பிஎச்டிக்காரர்கள் கம்பெனி வேலைக்கு மாறுவது எப்படி என்று பெங்களூரு வைட்ஃபீல்டில் சனிக்கிழமை ஒரு பயிற்சி வகுப்பு. மாதிரி நேர்காணலுக்குச் சீட்டுக் குலுக்கியதில், ஆய்வு மாணவி ஜெசிந்தாவுக்கு ஜோடியாக வாய்த்தவர் ஐம்பது வயதுப் பேராசிரியர் கோதண்டராமன். இருவரும் மரியாதையாக வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

“நீங்க ஏன் ரிசர்ச்சை விட்டு வரீங்க?” என்று அவர் ஆரம்பித்தார்.

“என் கைடு நான் எழுதின சாப்டரைப் படிக்கவே மாட்டேங்கிறார் சார். இந்த மாதிரி வகுப்புன்னா லீவும் தரமாட்டார்.”

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

இப்போது ஜெசிந்தாவின் முறை. “நீங்க ஏன் சார் காலேஜை விடறீங்க?”

“படிக்கிற மாதிரி ஒரு சாப்டரை ஸ்டூடண்ட் எழுதித் தரணுமே, மேடம்!”

பயிற்சி நடத்தும் பெண் பக்கத்தில் வந்து நின்றாள். “சூப்பர்! நிஜ இன்டர்வியூ மாதிரியே சூடா இருக்கே. முன்னாடியே பழக்கமா?”

“இல்லவே இல்லை” என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவள் நகர்ந்ததும் கோதண்டராமன் குனிந்து கேட்டார்.

“பல்வலின்னு எங்கிட்ட லீவு வாங்கினியே, இப்போ எப்படிம்மா இருக்கு?”

“தேவலை சார். பெரியப்பா காரியத்துக்குக் கும்பகோணம் போறேன்னு நம்ம லேப் குரூப்ல போட்டீங்களே, நல்லபடியா முடிஞ்சுதா?”