காருக்குப் புது பேட்டரி

திறந்த பானெட்டுக்குள் காலை வெயில் விழுகிறது. உப்புக்காற்றில் பேட்டரி முனைகளில் பச்சை படிந்திருக்கிறது. பேச்சிச்செல்வி ஸ்பேனரோடு குனிந்து நிற்கிறாள். பக்கத்தில் நாற்காலியில் அவள் கணவன் பாண்டியராஜ். பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு அவன் இந்தக் காரைத் தொடவில்லை. அந்தக் கைக்குப் பயிற்சி கொடுக்கத்தான் இப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "மெக்கானிக் வரட்டும் ஏளா." "அவரு சாயங்காலம்தான் வாராராம். நீங்க சொல்லுங்க, நான் செய்யுதேன்." "நெகட்டிவை முதல்ல கழத்து." கனத்த பழைய பேட்டரியை வயிற்றோடு அணைத்து இறக்குகிறாள். புதியதை வைத்து நட்டுகளை முறுக்குகிறாள். பிறகு புது பேட்டரியைக் காரின் கணினியில் பதிய, ஸ்டியரிங்குக்குக் கீழே சிறு கருவியைச் செருகி, பேட்டரி மேலுள்ள வரிசை எண்ணைச் செல்போனில் அடிக்கிறாள். கார் ஏற்க மறுக்கிறது. மறுபடி அடிக்கிறாள், மறுபடியும் மறுக்கிறது. பாண்டியராஜ் போனை வாங்கிப் பார்க்கிறான். "பூஜ்யத்துக்குப் பதிலா ஓ எழுத்தைப் போட்டிருக்க. நீ வாசி, நான் அடிக்கேன்." அவள் வாசிக்கிறாள். போன் அவன் மடியில் இருக்கிறது. இடது கையை நாற்காலிப் பிடியில் வைத்துவிட்டு, வலது விரலைத் தூக்குகிறான். அது நடுங்கி நடுங்கி எண்ணைத் தேடுகிறது. பேச்சிச்செல்வி உதவப் போகவில்லை. அவன் அழுத்தி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்த எண்ணைச் சொல்லுகிறாள்.