டாக்டரம்மாவின் இஞ்ச் டேப்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். உரக்கச் சொன்னால் கெட்டுப்போகிற கதை இது.

"பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு நெஞ்சழுத்தம் ஆகாதுங்க டாக்டர்," என்றார் அப்பா, உள்ளே நுழையும்போதே. "வீம்பு. வேற ஒண்ணும் இல்ல."

பெண்ணுக்குப் பதினைந்து வயது. திடீரென்று ஒருநாள், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்தவள்தான். தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, நினைத்தால் அழுகை. மருந்து மட்டும் போதாது, குடும்பமே வந்து உட்கார்ந்து பேசவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதனால் புதன்கிழமை தவறாமல் மூன்று பேரும் மனநல டாக்டரம்மா எதிரில்.

அந்த டாக்டரம்மாவுக்கு ஒரு வழக்கம். வந்ததும் அவரவர் நாற்காலியை அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். அந்த வாரம் வீட்டில் எவ்வளவு ஒட்டுதலோ, அவ்வளவு கிட்ட. பிறகு தையற்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து, பெண்ணின் நாற்காலிக்கும் பெற்றவர்கள் நாற்காலிக்கும் நடுவே குனிந்து அளப்பார். இடைவெளி குறையக் குறைய, குணமாகிறது என்று கணக்கு.

முதல் நாளே அப்பா கேட்டார்: "என்னங்க, எங்களுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

அப்பாவும் அம்மாவும் நாற்காலிகளை ஒட்டிப் போட்டுக்கொள்வார்கள். நேற்றுத்தான் கல்யாணம் ஆனது போலத் தோள் உரச உட்காருவார்கள். பெண் மட்டும் தன்னுடையதைத் தரதரவென்று இழுத்துப்போய் ஜன்னலோரம் போடுவாள்.

அன்றைக்கும் அப்படித்தான். டேப் எட்டவே இல்லை.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ராத்திரி நல்லாத் தூங்குறா. பள்ளிக்கூடம் போறா. அவ சித்தி வந்தா வயிறு வலிக்கச் சிரிக்கிறா. இங்க வந்தா மட்டும் எங்களை யாரோ மாதிரிப் பார்க்குறா. நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

"நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்," என்றார் அப்பா. "பாதி வேலையை அந்தரத்துல விட்டுட்டு ஓடி வர்றேன். யாருக்காக? ஒரு நாற்காலியை நகர்த்த மனசு வரலியே இவளுக்கு!"

டாக்டரம்மா டேப்பைச் சுருட்டினார். "எல்லாம் தேறிட்டு வருது. நாற்காலி மட்டும் ஏம்மா வரமாட்டேங்குது? இன்னிக்கு நீ கிட்ட வந்திருந்தா, இதோட முடிச்சுக்கலாம்னு இருந்தேன்."

"அதான்," என்றாள் பெண்.

"எது?"

"முடிஞ்சிடுமே."

"முடிஞ்சா நல்லதுதானே கண்ணு?" என்றார் அப்பா.

"முடிஞ்சா புதன்கிழமை இருக்காதேப்பா. நீங்களும் அம்மாவும் பக்கத்துல பக்கத்துல உட்கார்றது இங்க மட்டும்தான்."

"என்னடி உளறுறே?" என்றாள் அம்மா.

"உளறலம்மா. இப்ப படியேறும்போதுகூட, 'சாவி எடுத்துட்டாரான்னு உங்கப்பாகிட்ட கேளு'ன்னு என்கிட்டதானே சொன்னே? அவர் உன் பக்கத்துலதான் வந்துட்டிருந்தார். 'எடுத்தாச்சுன்னு சொல்லு'ன்னு அவரும் என்கிட்டதான் சொன்னார்."



அப்பாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. "ஆனா, உன் முன்னாடி நாங்க ஒருநாள்கூடச் சண்டை போட்டதில்லையேம்மா..."

"சண்டையாவது போட்டிருக்கலாம்ப்பா."

"இப்படித் தூது சொல்றதெல்லாம் உனக்குப் பழகிடுச்சுன்னு நெனச்சேனே," என்றாள் அம்மா. மகள் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

டாக்டரம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. இத்தனை வாரம் குனிந்து குனிந்து அளந்தாரே, அப்பா அம்மாவின் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒருநாளாவது டேப்பை வைத்தாரா? உரசிக்கொண்டு கிடப்பதில் அளக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

"தப்பு என்னோடதும்தான்மா," என்றார். "சரி. இன்னிக்கு மூணு நாற்காலியையும் நீயே போடு. எப்படி இருந்தா உனக்குச் சரியா இருக்கும்?"

பெண் எழுந்து வந்தாள். அப்பாவை எழுப்பினாள். அம்மாவை எழுப்பினாள். ஒட்டிக்கிடந்த இரண்டு நாற்காலிகளையும் பிரித்து, முகத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி எதிரெதிரே போட்டாள். இருவரையும் தோளைத் தொட்டு உட்காரவைத்தாள்.

பிறகு தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்தினாள்.